நல்ல இரத்தம்

அந்த வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று குழிகள் இருந்தன. ஒன்றில் நீல மருந்து, அடுத்ததில் மஞ்சள், மூன்றாவதில் நிறமில்லாதது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை மூன்றிலும் ஒவ்வொரு துளி விட்டு, குச்சியால் கலக்கி, தட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். எந்தக் குழியில் இரத்தம் குருணை குருணையாகத் திரள்கிறதோ அதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம். தொண்ணூறாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, மூன்றாவது குழியில் மட்டும் திரண்ட ஓர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன். யோசிக்காமல் சொன்ன வார்த்தை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வலிகாமத்தில் தோட்டம் செய்கிற குடும்பத்திலிருந்து முதன்முதல் அரசாங்க வேலைக்கு வந்தவள் என்ற பெருமை வேறு. வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டால் நோயாளிகள் என்னையும் டொக்டர் என்றே நினைப்பார்கள். நான் திருத்துவதில்லை. அன்று என் முன்னால் விரலை நீட்டியவர் குருநகரில் கரைக்கு வரும் மீனை ஏலம் கூறி விற்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற நெஞ்சு, வெயிலில் கறுத்த கழுத்து. ஆனால் வாயைத் திறந்தால் காற்றும் கரகரப்பும்தான் வந்தன. ஐந்து மாதமாகக் குரல் அடைத்திருந்தது. தொண்டையில் சதை வெட்டிச் சோதித்துப் பார்த்ததில் குரல்வளையில் புற்றுநோய் என்று வந்திருந்தது. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், அதோடு பேச்சுக் குரல் போய்விடும், பிறகு தெல்லிப்பழைக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று வைத்தியர் நாள் குறித்திருந்தார். சத்திரசிகிச்சைக்கு இரண்டு பை இரத்தம் தேவை. அதற்காகத்தான் வகை பார்க்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"என்ன பிள்ளை, என்ரை ரத்தம் எப்பிடி?" என்று கேட்டார்.

"ஓ பொசிற்றிவ் அண்ணை. நல்ல ரத்தம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"நல்லதெண்டா? உந்த வருத்தத்துக்கும் நல்லதோ?"

"எல்லாத்துக்கும் நல்லதுதான்" என்றேன். அடுத்தவரின் துண்டுச் சீட்டை வாங்க ஏற்கெனவே கையை நீட்டிவிட்டேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிற வகை அது, தேடி அலையாமல் கொடுக்கலாம். இரத்த வகைக்கும் தொண்டைப் புற்றுநோய் குணமாவதற்கும் என்ன தொடர்பு என்று யாராவது நேரே கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் நேரே கேட்டிருக்கிறார். எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

அவருடைய பெயர் ஒட்டிய இரண்டு இரத்தப் பைகளைக் குளிர்ப்பெட்டியின் மேல் தட்டில் வைத்தேன். குறித்த நாளில் ஒருவரும் வந்து எடுக்கவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுப் பெயரைக் கிழித்தெடுத்து, அவற்றை மற்றப் பைகளோடு சேர்த்துவிட்டேன். நாள் மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஏன் வரவில்லை என்று யாரிடமும் கேட்கவில்லை.

தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அந்த மாதங்களில் தெல்லிப்பழைக்குப் பஸ் ஓடியது. ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியது, வடக்கே போகிற பாதை பூட்டுப்பட்டது. நகரத்தில் ஷெல் விழத் தொடங்கியதும் எங்கள் ஆஸ்பத்திரியையும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். குருநகர்ச் சனம் வீடுகளை விட்டுக் கோயில்களிலும் தெரிந்தவர் வளவுகளிலும் ஒதுங்கியது. ஆவணியில் ஒரு பகல், வகுப்பறையொன்றில் மேசையைப் போட்டு வேலை செய்துகொண்டிருந்த என்னிடம் ஒரு பெண் வந்தார். முகத்தை எங்கோ பார்த்த ஞாபகம். கையில் துண்டுச் சீட்டு ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, நீங்கள்தானே தை மாதம் இவருக்கு ரத்தம் பாத்தது? மீன் கூறுறவர். இப்ப மூச்சு விடேலாமல் கொண்டுவந்து, கழுத்திலை துளை போட்டுக் குழாய் வைச்சிருக்கினம்."

நான் எழுந்து நின்றேன்.

"நீங்கள் சொன்னனீங்களாம், இவரின்ரை ரத்தம் நல்ல ரத்தம், உந்த ரத்தக்காரருக்கு உந்த வருத்தம் ஒண்டும் செய்யாதெண்டு. அதாலை ஒப்பரேசன் தேவையில்லை எண்டிட்டார். நானும் சரியெண்டு விட்டிட்டன்." அவருடைய குரலில் கோபம் துளியும் இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து, கெஞ்சுவதுபோலக் கேட்டார்: "ஒருக்கால் திருப்பிப் பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி. ரத்தம் இன்னும் அப்பிடியேதானே இருக்கு?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம் அக்கா, அது மாறாது" என்று மட்டும் சொன்னேன். உண்மைதான், இரத்த வகை மாறாது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, இரண்டாம் முறையும் அதே பிழையைச் செய்துவிட்டேன் என்று விளங்கியது.

நேரே வைத்தியரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்: "எவ்வளவு வளர்ந்திருக்கு, கழுத்துக் கட்டியளுக்குப் பரவியிருக்கோ, அதுகளை வைச்சுத்தான் நாங்கள் மட்டுக்கட்டுறது. ரத்த குறூப்பைக் கேட்டு ஒருத்தருக்கும் ஆயுள் சொல்லேலாது. தை மாதம் கட்டி சின்னன். இப்ப கழுத்து ரெண்டு பக்கமும் பிடிச்சிட்டுது." கடைசியில், "நீரே போய் அவருக்குச் சொல்லும்" என்றார். வேலையை விட்டே நிறுத்துவார் என்று எதிர்பார்த்து நின்ற எனக்கு, அதைவிடக் கடினமான வேலையைத் தந்தார்.

பள்ளிக்கூட வாங்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்டிலாக்கியிருந்தார்கள். அவர் சாய்ந்து இருந்தார். கழுத்துக் குழாயில் மூச்சு விசிலடித்தது. அகன்ற நெஞ்சு எலும்பாகியிருந்தது. மனைவி கஞ்சி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் குந்தினேன். நான் டொக்டர் இல்லை, இரத்தம் பார்க்கிறவள் மட்டுமே, நான் சொன்னதற்கு அந்த அர்த்தமே இல்லை, என்னால்தான் இப்படி ஆயிற்று என்று அழுதழுது சொன்னேன். அவர் கையை நீட்டி எழுதக் காட்டினார். பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தையும் பேனையையும் கொடுத்தேன். மெதுவாக எழுதினார். அந்தத் தாளை நான் வைத்திருக்கவில்லை. சொற்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

"எனக்குத் தெரியும் பிள்ளை. டொக்டர் விளங்கப்படுத்தினவர். பெரிய வெள்ளிக்கு ஒருக்கால் படிச்சிட்டுப் பிறகு வெட்டுவம் எண்டு இருந்தனான். மனிசி விடாது. அதுக்குத்தான் நீ சொன்னதெண்டு அவளுக்குச் சொன்னனான். பிறகு பயத்திலை ஒவ்வொரு கிழமையாத் தள்ளிப்போட்டன். அவளுக்குச் சொல்லாதை."

தவக்காலத்தில் அவர்களுடைய கோயிலில் இயேசுவின் பாடுகளை இராகத்தோடு படிப்பார்கள். வியாகுலப் பிரசங்கம் என்று அதற்குப் பெயர். இருபது வருடமாகப் பெரிய வெள்ளியன்று அதைப் படித்தவர் இவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கரகரத்த அந்தக் குரலோடு ஒரே ஒரு தடவை படிப்பதற்காக ஒரு மனிதன் உயிரைப் பிணை வைப்பானா என்று திகைத்துப்போய் இருந்தேன். அந்தத் திகைப்புக்குள்ளேயே ஒரு சுயநலமான ஆறுதலும் தலைநீட்டியது: அப்படியென்றால் என்னால் அல்ல. அதை நினைக்க இன்றும் கூசுகிறது. மனைவி கஞ்சியோடு திரும்பி வந்தார். தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னையே பார்த்தார். நான் தலையசைத்தேன்.

கார்த்திகையில் அவர் இறந்தார். மனைவி போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். கணவருடைய பொய்யைக் காப்பாற்றுவதற்காக, அந்த அக்கா என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். கடைசி நாள்வரை யாருக்கும் எழுத்தைத் தவிர எதையும் சொன்னதில்லை. ஓ, ஏ, பி. "நல்லதோ?" என்று கேட்டால் "டொக்டரைக் கேளுங்கோ" என்பேன். கடுமையானவள் என்று பெயர் எடுத்தேன்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் சண்டைக்குப் பயந்து எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். கிணற்றடியில் காலையிலிருந்தே வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அந்த அக்கா. தலை நரைத்திருந்தது.

"தங்கச்சி, சுகமாய் இருக்கிறீங்களோ?" என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்து வருடம் காத்த வாக்கு உடைந்தது. "அக்கா, அண்ணை நான் சொன்னதை நம்பேல்லை. படிக்கிறதுக்காகத்தான் வராமல் நிண்டவர். எனக்கு எழுதிக் காட்டினவர்" என்றேன்.

அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"அது எனக்குத் தெரியும். பெரிய வெள்ளி அண்டைக்கு அவர் படிக்கேக்கையே விளங்கீட்டுது. குரல் உடைஞ்சு உடைஞ்சு வந்தது, கோயில் முழுக்க அழுதது. கடைசியாப் படிக்கிறார் எண்டு எனக்கு விளங்காதே?" வரிசை நகர்ந்தது. வாளியைத் தூக்கி ஓர் அடி முன்னே வைத்தார். "அவர் நம்பேல்லைத் தங்கச்சி. நான்தான் கடைசிவரை நம்பினனான். ஒப்பரேசனுக்குக் குறிச்ச அண்டைக்கு ஆட்டோக்காரனையும் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு, வாங்கோ எண்டு சண்டை பிடிச்சனான். இழுத்துக்கொண்டு வந்திருப்பன். நீங்கள் சொன்னதெண்டு சொன்னார். படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்குமெண்டு ஆட்டோவைத் திருப்பி அனுப்பீட்டன்."

அவர் முறை வந்தது. தன் வாளியை நிரப்பினார். பிறகு கயிற்றை விடாமல், என் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்து, அதற்கும் அள்ளி ஊற்றத் தொடங்கினார். குடம் நிரம்பி வழியும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.