படத்தில் என் வாயில் வைத்த வார்த்தை

படத்தில் என் புருஷனாக நடித்தவருக்கு நல்ல உடம்பு. என் புருஷனுக்குத் தொப்பை இருந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. படம் என்றால் அப்படித்தான் எடுப்பார்கள். எனக்குக் கோபம் ஒரே ஒரு காட்சியில்தான்.

அதில் கடல் கொந்தளிக்கிறது. தோணி ஒன்று கவிழ்ந்து நாலு பேர் தத்தளிக்கிறார்கள். அவர் சிரித்த முகத்தோடு தன் படகைத் தண்ணீரில் தள்ளுகிறார். என்னைப் போல முக்காடு போட்ட ஒருத்தி ஓடி வந்து, அவருடைய கையைப் பிடித்து, "போகாதீங்க, எனக்கி வேற யாரு இரிக்காங்க?" என்று அழுகிறாள். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டுப் போகிறார். படத்தைக் காட்டிய பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் மூக்குச் சிந்தியது. பக்கத்தில் இருந்தவள் என் தோளை அணைத்துக்கொண்டாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

எங்கள் வீடு கடற்கரை வீதியில் முதல் வரிசை. வாடைக்காற்றுக் காலம். காலையில் சத்தம் கேட்டு வாசல் கேற்றுக்கு வந்தேன். கரையில் முப்பது நாற்பது ஆண்கள். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்ந்தது திருக்கோவில் ஊர்ப் பக்கத்துத் தோணி என்றார்கள். தலைகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. என் புருஷன் எங்கள் என்ஜின் படகுக்குப் பக்கத்தில், அதன் விளிம்பில் ஒரு கையை வைத்தபடி நின்றார். அந்தக் கை நடுங்கியது. வயது வந்த நாளிலிருந்து கடலுக்குப் போகிறவர். அந்த அலை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

நான் மணலில் இறங்கிப் போனேன்.

"என்னத்துக்கு நிக்கிறீங்க? நீங்களும் போனை எடுத்துப் படம் புடிக்கப் போறீங்களா?"

"அலையப் பாரு புள்ள" என்றார்.

"பாத்தன். அந்த மனிசரையும் பாத்தன். போங்க."

போனார். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்து கரையில் இறக்கினார். நாலாவது ஆளுக்காகத் திரும்பியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அந்த நாலாவது ஆள் ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு தானாகவே கரை சேர்ந்துவிட்டார். எங்கள் படகு புரண்டது. அவர் மூழ்கிப்போனார். மையித்து மறுநாள் கிடைத்தது.

படம் எடுக்கும் தம்பிமார் வந்தது என் இத்தாவின் மூன்றாம் மாதம். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேலேயும் ஒன்று சேர்த்து வைத்திருந்தார்கள்: குரலும் வெளியே கேட்கக் கூடாது. மார்க்கத்தில் அப்படி இல்லை என்று ஓதிப் படித்த ஓர் ஆலிமா பிறகு சொன்னார். பிறகு சொல்லி என்ன?

விறாந்தையில் என் புருஷனின் தம்பி அவர்களோடு கதைத்தார். அறை வாசலில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான். சம்பவம் நடந்த அன்று அவர் சம்மாந்துறையில் அரிசி ஆலையில் வேலையில் நின்றவர். ஒன்றையும் கண்ணால் காணவில்லை.

"எங்கட மதினி கையப் புடிச்சி மறிச்சிருக்காங்க. எங்கட நானா அதக் கேக்கல்ல. அவருக்குப் பயமெண்டா என்னண்டே தெரியா."

"இது நல்ல சீன்" என்றது ஒரு குரல். பேனா ஓடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

கதவில் தட்டியிருக்கலாம். ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கலாம், நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். செய்யவில்லை. இத்தாவைக் காரணம் சொல்லலாம். உண்மையில் அந்த நேரம் அந்தப் பொய் எனக்கு வசதியாகவும் இருந்தது. மறித்தவள் என்றால் சனம் இரக்கப்படும். அனுப்பியவள் என்றால் என்ன சொல்லும்?

ஆனால் மண்டபத்தில் அதைப் படமாகப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. படம் எடுத்த தம்பியை மண்டப வாசலில் மறித்தேன்.

"அந்த சீன் பொய். அவரப் போகச் சொன்னது நான்."

அவன் முகம் மாறிவிட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமே ராத்தா."

"நான் திரைக்குள்ள இருந்தன். ஒரு துண்டுக் கடதாசி அனுப்பிக் கேட்டீங்களா நீங்க?"

"இல்ல… ஆனா சனம் அந்த இடத்திலதான் ராத்தா அழுவுது."

"சனம் அழுறதுக்கா அவரு மௌத்தாப் போனாரு?"

கெட்ட பிள்ளை இல்லை அவன். "அடுத்ததாப் பொத்துவில் ஊர்ல காட்டுறதுக்கு முதல் மாத்தலாம். உங்கட மாமி ஓம் எண்டு சொல்லட்டும். அவங்கட மகன்தானே" என்றான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டு வாசலுக்கு வருகிற ஒரே ஆள் மாமிதான். ஏசுவார், இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் போகச் சொன்னதை அவர் காதிலேயே போடவில்லை.

"அவன்ட கை நடுங்கிச்செண்டா சொல்றாய்?"

"ஓம் மாமி. நடுங்கிக்கிட்டேதான் போனாரு. அதுதான் பெரிசு. அதத்தான் படத்தில காட்டணும்."

"என்ட மகன் பயந்தவனா?"

"பயந்துதான் போனாரு மாமி."

மாமி முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "படம் அப்படியே கிடக்கட்டும் மகள். அதில அவன் சிரிச்சிட்டுப் போறான்."

படம் மாறாமலே பொத்துவிலுக்குப் போனது.

இரண்டு நாள் நான் மாமியோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவரே வந்தார். இப்போது ஒவ்வொரு நாளும் வருகிறார். படம் எடுத்த தம்பி அதை என் போனுக்கு அனுப்பியிருக்கிறான். மாமிக்குப் போன் பாவிக்கத் தெரியாது.

"அந்த இடத்தப் போடு மகள்."

போடுகிறேன். தொப்பை இல்லாத அந்த மனிதர் சிரிக்கிறார். அந்தப் பெண் ஓடி வந்து அழுகிறாள். மாமி என் முழங்கையைத் தடவுகிறார்.

"எவ்வளவு மறிச்சாய் புள்ள நீ" என்கிறார்.

வாயைத் திறந்தால் நான் கத்திவிடுவேன். போனை அவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.