அவர் கணக்குக்கு மாற்றிய பக்கங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பிரின்டர்தான். யார் எவ்வளவு அச்சடிக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் கணினி, ஆசிரியையான என் பொறுப்பில் இருக்கிறது. ஆளுக்கு மாதத்திற்கு இத்தனை பக்கம் என்று நான் போட்டுவிட வேண்டும். அது முடிந்தால் பிரின்டர் அசையாது. கடதாசித் தட்டுப்பாடு வந்த காலத்தில் பள்ளி அதிபர் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

என்னோடு அதிகம் சண்டை பிடித்தவர் தமிழ் டீச்சர். இரத்தோட்டை பஸ்ஸில் வருபவர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் போக வழியில்லை என்று வாரம் தவறாமல் மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுப்பார். மாதம் பாதி ஆவதற்குள் அவருடைய பக்கங்கள் தீர்ந்துவிடும். ஒருவர் வேலை மற்றவருடையதோடு கலந்துவிடாமல் இருக்க, பிரின்டர் முதலில் ஆளின் பெயர் போட்ட தாள் ஒன்றைத் தள்ளும். அந்தத் தாளின் பின்பக்கத்தைக்கூட டீச்சர் வீணாக்க மாட்டார்; குறிப்பெழுத எடுத்துக்கொள்வார்.

"இன்னும் கொஞ்சம் போட்டு விடுங்க டீச்சர். கடதாசி என்ன உங்க சீதனமா?" என்பார்.

"சீதனமா இருந்தா ஒரு தாள்கூடத் தந்திருக்க மாட்டேன்" என்பேன்.

சிரித்துக்கொண்டே போய்விடுவார். பிறகு அவருடைய கணவர் வருவார். அவரும் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படிப்பிக்கிறார். எல்லாவற்றையும் கரும்பலகையிலேயே முடித்துவிடுகிறவர். "என்னோட பக்கத்த அவங்களுக்கு மாத்தி விடுங்க டீச்சர்" என்பார். ஒரு நிமிட வேலை. "பொண்டாட்டிக்கு நகை வாங்கிக் குடுக்கிறவங்களப் பாத்திருக்கேன், பக்கம் வாங்கிக் குடுக்கிறவர இப்பதான் பாக்கிறேன்" என்று கேலி செய்வேன். மனிதருக்குக் காது சிவந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன டீச்சர் உயிரோடு திரும்பவில்லை.

கருமாதி முடிந்து கணவர் வேலைக்கு வந்தார். மாதம் பாதியானதும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னோட பக்கத்த அவங்களுக்கு மாத்தி விடுங்க டீச்சர்."

பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தபோது, தெரிந்தேதான் கேட்கிறார் என்று புரிந்தது. மாற்றிவிட்டேன். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். செலவழிக்க ஆளில்லாத கணக்கில் பக்கங்கள் கூடிக்கொண்டே போயின.

பிறகு புதிய தமிழ் டீச்சர் வந்தார். பழைய கணக்கை அழித்துவிட்டு, அதில் கிடப்பதை வந்தவருக்குக் கொடுக்கும்படி அதிபர் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சில நாள் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்தேன். இனி இழுக்க முடியாது என்றானபின் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. "அழிக்க முந்தி அவங்க கணக்குல ஒரு தாள் எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

வெறும் பக்கம் ஒன்றை அனுப்பினேன். முதலில் டீச்சரின் பெயர் போட்ட தாள் வந்தது. பின்னாலேயே வெள்ளைத் தாள். பெயர்த் தாளை எடுத்து மடிக்காமல் பைலுக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளைத் தாளைத் திரும்பவும் பிரின்டருக்குள் வைத்தார்.

"வீணாக்கினா ஏசுவாங்க" என்றார்.

நான் வெளியே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து கணக்கை அழித்தேன்.

அடுத்த மாதம் பாதியானதும் அவர் வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். நான் விசைப்பலகையில் கைவைத்தபடி காத்திருந்தேன்.

"சொல்லுங்க சேர்" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். என்னோட பக்கமெல்லாம் அப்படியே கெடக்கு" என்றார்.