பாங்காக்கில் நான்கு கட்சி, ஆம்பூரில் இரண்டு சங்கம்

தாய்லாந்து அரசியலில் யாருக்காவது சந்தேகம் வந்தால் வடஆற்காடு மாவட்டத்தில் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒருவர்தான் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலில் அவருடைய வாழ்க்கையின் மூன்று வருஷம் போயிற்று.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஆங்கிலக் கடிதப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு டைப்ரைட்டரும். வேலூரில் வாத்தியார் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடி ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பலனாக, ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த தழும்பு இருந்ததற்கு ஐரோப்பாக்காரர்களிடம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

என்னைக் கேட்ட அந்த ஒருவர், தாய்லாந்துக்காரர், அங்கேதான் வந்து சேர்ந்தார். பாங்காக்கில் தோல் வியாபாரம் செய்யும் மாமா ஒருவர், தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அனுப்பியிருந்தார். முப்பது வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, எங்கள் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. கடைசியில் அவர் 'பாங்காக்' ஆனார், நாங்கள் அத்தனை பேரும் 'சார்' ஆனோம். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். தமிழை மட்டும் தோல் தரம் பிரிக்கும் ஷெட்டில் கற்றுக்கொண்டார். அதனால் முதலாளியைப் பார்த்தால்கூட இடுப்பை வளைத்து, மிகுந்த மரியாதையோடு, "இன்னா சார்?" என்பார்.

அந்த ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதனிட்ட தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். கம்பெனியில் இரண்டு சங்கம். மேஸ்திரி பாய் ஒரு சங்கம், எதிர் மேஜைக்காரர் இன்னொரு சங்கம். ஒருவர் முதல் தரம் என்றால் மற்றவருக்கு அது இரண்டாம் தரமாகத்தான் தெரியும்.

"இது ஃபர்ஸ்ட்டுபா."

"கண்ணு கீதா உனக்கு? கழுத்தாண்ட தழும்பு தெர்ல?"

"உன் கட்சி கொடிய விடவா தழும்பு ஜாஸ்தி?"

இந்த இடத்தில் வேலை நின்றுவிடும். உடனே யாராவது, "சுபேதாரக் கூப்டு" என்பார்கள். சுபேதார் என்பவர் எங்கள் டைம் ஆபீஸ் அதிகாரி. ஒடுகத்தூர்ப் பக்கம். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளாட்டுத் தோலுக்கும் செம்மறித் தோலுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. வருவார், தோலை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார், மீசையைத் தடவுவார், "செகண்ட்" என்பார். இரண்டு பேரும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். தோல் தெரிந்த எதிரியிடம் தோற்பதைவிடத் தோல் தெரியாத மூன்றாம் ஆளிடம் தோற்பது இரண்டு பேருக்குமே கௌரவமாக இருந்தது.

வந்த முதல் வாரம் பாங்காக் இதைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் தோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "சார், இது எங்க பார்லிமெண்ட்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்த மாதிரி நானும் சிரித்து வைத்தேன். அது படித்தவனுக்கு உள்ள கெட்ட பழக்கம்.

புரிந்தது அமிர்தியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க அழைத்துப் போனேன். சித்திரை மாதம். பாறை இருந்தது, தண்ணீர் இல்லை. விருந்தாளியை ஏமாற்றக் கூடாதென்று மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். மான் கூண்டின் முன்னால் நின்றுகொண்டு, தொழில் கற்க வந்ததாகச் சொன்னது பாதி உண்மைதான் என்றார். ஊரில் அவர்மேல் வழக்கு இருந்தது. அவர் அச்சடித்து விநியோகித்த துண்டுப் பிரசுரம் நாலே வரி: நாம் ஓட்டுப் போடுகிறோம், கட்சிகள் ஜெயிக்கின்றன, பிறகு தேர்தலில் நிற்காத ஒரு ஜெனரல் பிரதமராக உட்காருகிறார், அப்படியானால் நாம் எதற்கு வரிசையில் நின்றோம்? நாலு வரிக்கு ஜெயில் வரும் என்று தெரிந்ததும் மாமா இங்கே அனுப்பிவிட்டார்.

பர்ஸிலிருந்து ஒரு படம் எடுத்தார். மனைவி, பள்ளி ஆசிரியை. மடியில் ஒரு கைக்குழந்தை. அவர் கிளம்பி வந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்த பெண். "நான் இன்னும் பாக்கல சார்" என்றார். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் மனைவிக்கு இவ்வளவு தூரம் வர லீவும் கிடையாது, அனுமதியும் கிடையாது. ஆனால் அவருடைய கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. அடுத்த தேர்தலில் ஜெயித்தால் வெளியிலிருந்து வரும் பிரதமரை ஏற்க மாட்டோம், இந்த மாதிரி வழக்குகளையெல்லாம் வாபஸ் வாங்குவோம் என்று. குழந்தை நடக்கப் பழகுவதற்குள் தேர்தல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

குழந்தை நடந்தது, ஓடியது. தேர்தல் வரவில்லை. அதற்குள் எங்கள் கம்பெனியில் ஒரு தேர்தல் வந்தது.

தொழிலாளர் கமிட்டித் தேர்தல். கையுறை, கால் கழுவத் தண்ணீர், கேண்டீன் இவற்றையெல்லாம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கமிட்டி. இந்தச் சங்கத்துக்கு ஐந்து, அந்தச் சங்கத்துக்கு ஐந்து. தலைவர் யார் என்று மூன்று வாரம் இழுத்தது. நான் எந்தச் சங்கத்திலும் இல்லை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக மினிட்ஸ் எழுத உட்கார்த்தியிருந்தார்கள். பசி நேரம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு மூணு மாசத்துக்கு சுபேதாரையே போட்டுட்டா என்ன?" என்றேன்.

பத்துப் பேரும் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன எதற்கும் அப்படிக் கை தட்டல் கிடைத்ததில்லை. 'இடைக்கால ஏற்பாடாக, ஏகமனதாக' என்று எழுதினேன். தமிழில் எனக்குப் பிடித்த மூன்று வார்த்தைகள்.

சாயங்காலம் பாங்காக் கேட்டார். "யார் சொன்ன யோசனை?"

"நான்தான்."

"அவர் நல்லவரா சார்?" என்றார்.

"ரொம்ப நல்லவர். கைசுத்தம். நேரத்துக்கு வருவார். அதிகம் பேச மாட்டார்."

"எங்க ஜெனரலும் அப்படித்தான். திருடமாட்டார். திருடினா துரத்திடலாம்."

அந்த வருஷமே அவர் நாட்டில் தேர்தல் நடந்தது. என் வீட்டு ரேடியோவில் சிற்றலைவரிசை கரகரக்க இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து ஆங்கிலச் செய்தி கேட்டோம். அவர் கட்சிக்கு எதிர்பார்த்ததைவிட அதிக இடம். நான்கு கட்சி சேர்ந்தால் ஆட்சி. மறுநாள் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்து ஷெட் முழுக்கக் கொடுத்தார்.

"இன்னா பாங்காக், ரெண்டாவது கொய்ந்தையா?" என்றார் மேஸ்திரி பாய்.

"இல்ல சார். என் கட்சி ஜெயிச்சிச்சு."

"அட, உன் ஊர்லயும் கட்சி கீதா? பாவம்." சொல்லிக்கொண்டே இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் என் மேஜைக்கு வந்து அவர் கேட்டதுதான் நான் முதலில் சொன்ன அந்தச் சந்தேகம். "சார், டிக்கெட் இப்பவே வாங்கட்டுமா, காத்திருக்கட்டுமா? பெண்டாட்டி பொறுமையா இருன்னு எழுதறா. வேற நாட்டுல எங்கேயாவது, அவ வந்து பாக்கற தூரத்துல வேலை தேடலாமான்னு ஒரு யோசனையும் இருந்தது. அதை விட்டுடலாமா?"

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். எழுபத்தேழில் டெல்லியில் கூட்டணி வந்ததையும் பிறகு கவிழ்ந்ததையும் தினசரி நான்கு பத்திரிகையில் படித்தவன். "விட்டுடுங்க. டிக்கெட் வாங்குங்க" என்றேன். "ஓட்டு வாங்கி ஜெயிச்சவன் எவனாவது நாற்காலியைக் கொண்டுபோய் இன்னொருத்தன்கிட்ட கொடுப்பானா?"

இதைச் சொன்னவன் நான். ஐந்தும் ஐந்தும் பத்துப் பேர் ஜெயித்து வந்த கமிட்டியின் நாற்காலியை டைம் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்ன அதே நான். சொல்லும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் ஊருக்குப் போகலாம் என்று சொல்கிறவனிடம் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

மெட்ராஸ் போய் டிக்கெட் வாங்கினார். மனைவிக்குத் தந்தி கொடுத்தார். ஷெட்டில் மிச்சத் தோலில் இரண்டு வயதுக் காலுக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். அளவு தெரியாததால் மேஸ்திரி பாய் தன் பேத்தியை அழைத்துவந்து கால் அளவு கொடுத்தார்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரேடியோ சொன்னது. நான்கு கட்சித் தலைவர்களும் ஜெனரல் வீட்டுக்குப் போனார்கள். பதவியைத் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் முதலில் தயங்கினாராம். பிறகு நாட்டுக்காக ஒப்புக்கொண்டாராம். ஒரு கட்சிக்காரன் பிரதமரானால் மற்ற மூன்று பேருக்கும் பொறுக்காது, இவரென்றால் யாருக்கும் தோல்வி இல்லை. நானே மினிட்ஸ் எழுதியிருக்கலாம்.

ஒரு வாரத்தில் மனைவியின் தந்தி: வர வேண்டாம். பின்னாலேயே கடிதம். கட்சி ஆபீசில் போய்க் கேட்டாளாம். இப்போது நாம் ஆட்சியில் இருக்கிறோம், இந்த நேரத்தில் ஜெனரலைத் திட்டின வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்டால் அவருக்குச் சங்கடம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்களாம்.

"நம்ம கட்சி தோத்திருந்தா கேட்டிருப்பாங்க சார்" என்றார் பாங்காக். கோபமே இல்லை. "டிக்கெட்டை வாபஸ் வாங்குவாங்களா?" அவ்வளவுதான் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்தேன். மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றேன். நாடகம் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"நல்லாத்தானே போய்ட்டிருக்குது, நீ ஏன் சார் பேஜார் பண்ற?" என்றார் எதிர் மேஜைக்காரர்.

"கையுறை வந்துதா? தண்ணி வந்துதா?"

"வர்ல. ஆனா சண்டையும் வர்ல பாரு."

மேஸ்திரி பாய் முதன்முறையாக அவரோடு ஒத்துப்போய்த் தலையாட்டினார். சுபேதார் எழுந்து, தனக்குப் பதவி ஆசை கிடையாது, எல்லோரும் விரும்பினால் போய்விடுகிறேன் என்றார். உண்மையாகவே சொன்னார். பத்துப் பேரும் பதறிப்போய் அவரை உட்கார வைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பேனா என் கையில்தான் இருந்தது. 'ஏகமனதாக நீட்டிக்கப்பட்டது' என்று எழுதினேன். எதிர்ப்பு ஒன்று என்று எழுத இடம் இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு மேல், கால் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அதற்குப் பின் மூன்று வருஷம் பாங்காக் ஆம்பூரில் இருந்தார். தோல் நன்றாகக் கற்றுக்கொண்டார். தமிழும் வளர்ந்தது. மனைவியின் கடிதங்கள் மாதம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்று ஆயின. அடுத்த தேர்தல் வந்தபோது ரேடியோ கேட்க வாங்க என்று கூப்பிட்டேன். "முடிவு தெரிஞ்சதுதானே சார்" என்றார். தெரிந்த முடிவுதான் வந்தது. கட்சிகள் போயின, கேட்டுக்கொண்டன, ஜெனரல் தயங்கினார், ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் ஷெட்டில் பேச்சுவாக்கில் மேஸ்திரி பாயிடம் இவருடைய கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பினாங்குல என் சம்பந்தி தோல் யாவாரந்தான் சார் பண்றாரு. அங்கேர்ந்து இவன் ஊரு எல்லைக்கு ரயிலு கீது. மூணு வருசம் முன்னால ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூணு மாசத்துல அனுப்பியிருப்பேனே. இன்னா படிச்சீங்க நீங்க?"

உண்மையிலேயே மூன்று மாதத்தில் அனுப்பிவிட்டார்.

பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளி லீவில் மனைவி ரயிலில் வந்தாளாம். மகளுக்கு ஐந்து வயது. படத்தில் பார்த்ததைவிட உயரமாம். ஸ்டேஷனில் இவர் மண்டி போட்டுக் கையை நீட்டினாராம். குழந்தை கிட்டே வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா ஏதோ சொன்னாள். உடனே இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து, அழகாகக் கும்பிட்டது. பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வரும் பெரிய அதிகாரிகளை அப்படித்தான் கும்பிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். நாலு நாளும் அப்படியே, காலையில் ஒரு கும்பிடு, தூங்கப் போகும்போது ஒரு கும்பிடு. மிகவும் மரியாதையான பெண் சார், என்று எழுதியிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஊர் ஊராக வருத்தம் தெரிவித்துச் சம்பளம் வாங்கியவன். 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று டைப் அடித்தேன். அடுத்த வரிக்கு இரண்டு நாள் காத்திருந்தேன். தாள் டைப்ரைட்டரிலேயே இருந்தது. இத்தாலிக்கு ஒரு கடிதம் அவசரமாகப் போக வேண்டியிருந்தபோது அதை உருவி எடுத்தேன்.