பனிக்குள் நின்ற கார்

போன வாரம் பூனாகலையில் பள்ளிக்கூடம் விட்டதும் காரை எடுத்தேன். கேட்டில் மோகன் வழிமறித்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் குடியிருப்பவர். மனைவி செல்வராணிக்கு வலி எடுத்துவிட்டது. முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்ததால் இந்த முறை பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டுமென்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். தோட்டத்து அம்புலன்ஸோ வேறு நோயாளியோடு போய்விட்டது.

ஏற்றிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

பண்டாரவளை ரோட்டில் பாதி தூரம் வரவில்லை... பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஹெட்லைட்டை டிம்மில் போட்டேன். பெரிய லைட்டைப் போடச் சொன்னார் மோகன். போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும் என்றேன். ரேடியோவை நிறுத்தினேன், ஜன்னலை இறக்கினேன். கண் தெரியாத இடத்தில் காதுதானே துணை? வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து, ரோட்டின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஓரமும் மறைந்தது.

ரோட்டை விட்டு விலகி, மங்கலாகத் தெரிந்த ஒரு கோயில் முன்னால் இருந்த வெட்டவெளியில் காரை நிறுத்தினேன். பின் சீட்டில் செல்வராணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் எங்களைக் கடந்து விர்ரென்று போனது.

"அவன் போறானே டீச்சர்... நீங்க நிப்பாட்டிட்டீங்களே" என்றார் மோகன். வேறு வண்டி பிடிக்கிறேன் என்று கதவைத் திறந்தார்.

"உக்காருங்க" என்றாள் செல்வராணி. "ரோடு தெரிஞ்சதும் டீச்சர் எடுப்பாங்க. அதுவரைக்கும் நான் தாங்கிக்கிறேன்."

எனக்கு மட்டும் நெஞ்சு அடிக்கவில்லையா? அடித்தது. ஆனாலும் சாவியைத் தொடவில்லை. காத்திருப்பதில் ஆபத்து உண்டு, தெரியும். ஆனால் ரோடு தெரியாமல் ஓட்டினால் மூன்று பேரல்ல, நான்கு பேர் பள்ளத்தில்.

பனி மெல்ல விலகியது. ரோட்டோரம் தெரிந்ததும் கிளம்பினேன். பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

அந்த வேன் வழியில் கவிழ்ந்து கிடந்தது என்று எழுதினால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அதுவும் பத்திரமாகத்தான் போயிருக்க வேண்டும். பனியில் பாய்ந்து ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சுகமாக வீடு போய்ச் சேர்கிறார்கள் — ஆபத்தே அதுதான். தப்பியதையெல்லாம் திறமை என்று நினைத்து, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார்கள்.

நேற்று அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் நான்தான். மோகன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"மெதுவா போங்க டீச்சர்... இன்னும் கொஞ்சம் மெதுவா."

வெளியே பளீரென்று வெயில். ரோட்டில் ஒரு வண்டி கூட இல்லை.