குட்டைக் கட்டிலும் நரிச் சரிவும்

ஒரு மலையடிவாரம் முழுவதையும் நான் உட்கார்ந்தே காப்பாற்றியிருக்கிறேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மலைச்சரிவு பிழைத்துக்கொண்டது. சரி, கொஞ்சம் மிகைதான். உட்கார்ந்தது மட்டுமே என் பங்கு. மற்றதெல்லாம் என் கொழுந்தன் தீர்த்துக்கொண்ட பழி. ஆகவே இது அவன் கதை.

அவனை எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சு வேலை செய்பவன் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அவன் மனதில் ஒன்று இறங்கிவிட்டால் எந்தக் குறடு போட்டு இழுத்தாலும் வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் அவன் பென்சிலை உடைத்த பையன் பின்னாளில் பல் மருத்துவரானான். கடைவாய்ப் பல் வீங்கி முகம் பூசணிக்காயாகிக் கிடந்தபோதும் ஆணி அந்தப் படியேறவில்லை. பேருந்து பிடித்து அடுத்த ஊருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். முடிவெட்டுகிறவர் ஒருமுறை கிருதாவை ஏற்றி வெட்டிவிட்டார் என்பதற்காக, அன்றிலிருந்து தன் தலையைத் தானே உளியால் செதுக்கிக்கொண்டான் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வேன். உளி அல்ல, கத்தரிக்கோல்தான். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

"இவரோட சண்டை போட்டா அன்னைக்கே முடிச்சுக்கணும் அக்கா" என்பாள் அவன் மனைவி, என் ஓரகத்தி. "மறுநாளைக்குப் போச்சுன்னா அது பூர்வீகச் சொத்தாயிடும்."

அவன் பட்டறை கடைசித் தெருவின் கடைசிக் கட்டடம். முன்கதவைத் திறந்தால் ஊர், பின்ஜன்னலைத் திறந்தால் மலைச்சரிவு. புதரும் பாறையும் உயரப் புல்லுமாகக் கிடந்த நகராட்சியின் திறந்தவெளி அது. அவன் கொட்டிய மரத்தூளில் முயல்கள் புரண்டன. மரம் ஊறவைக்கும் தொட்டியில் மான்கள் வந்து வாய் வைத்தன. முள்ளம்பன்றி ஒன்று வியர்வை உப்புக்காக அவன் மரமறுக்கும் வாளின் கைப்பிடியைக் கடித்துவிட்டுப் போனது. அதை மட்டும் எப்படியோ மன்னித்தான். பெரிய பாறைக்கடியில் ஒரு பெண் நரி வளை வைத்திருந்தது. அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து வெயிலில் போடும்போது ஆணி இழைப்புளியை நிறுத்திவிடுவான். சத்தம் கேட்டால் அது உள்ளே போய்விடுமாம். என் கணவர் கூப்பிட்டால் ஒரு நாளும் வேலையை நிறுத்தாதவன்!

சரிவுக்குக் கீழே தட்டையாக இருந்த நிலத்தை ஒருவர் வாங்கினார். வீட்டுமனை விற்பவர். மனைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கீழே கொஞ்சம் வீடு கட்டப் போவதாகத்தான் முதலில் பேச்சு. பிறகு சரிவையும் கேட்டு நகராட்சிக்குப் போனார். மாதிரி வீட்டைத் திறந்து காட்டும் நாளில் நிறையக் குடும்பங்கள் பெயர் கொடுத்தால் சரிவையும் தந்துவிடலாம் என்று நகராட்சித் தலைவியும் தலையாட்டியிருந்தார். இல்லையென்றால் சரிவு சரிவாகவே இருக்கும்.

மாதிரி வீட்டுக்கு வழி வெட்ட ஒரு காலையில் புல்டோசர் வந்தது. நேரே பெரிய பாறையை நோக்கி வந்தது. ஆணி குறுக்கே போய் நின்றான்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் விடுங்க. உள்ள குட்டிங்க இருக்கு. நாளைக்குள்ள தாய் தூக்கிட்டு மேல போயிடும்."

மனைக்காரர் குடை பிடித்தபடி நின்றிருந்தார். "அச்சச்சோ, நரிக்கு நோட்டீஸ் குடுக்க மறந்துட்டமே!" என்றார். "ஒரு மனு எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்க, பரிசீலிக்கலாம்."

வேலையாட்கள் சிரித்தார்கள். அவரும் குடை குலுங்கச் சிரித்தார். ஆணியை இரண்டு பேர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்த, மண் சரிந்து வளையை மூடியது.

வண்டி போன பிறகு ஆணியும் ஓரகத்தியும் மண்வெட்டியால் தோண்டினார்கள். குட்டிகள் கிடைத்தன, உயிர் கிடைக்கவில்லை. சாயங்காலம் தாய் நரி வந்து அதே மண்ணைப் பறித்தது. மறுநாளும் வந்து பறித்தது. ஆணி பின்ஜன்னலில் வாளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றான்.

"கொன்னதுகூட இல்ல அண்ணி" என்றான் என்னிடம். "சிரிச்சாரு."

ஆணி இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதனால்தான், மாதிரி வீட்டுக்குச் சாமான் செய்ய மனைக்காரர் இவன் பட்டறைக்கே வந்தபோது ஓரகத்தி ஓடிப்போய் உளிகளையெல்லாம் ஒளித்து வைத்தாள். ஆணியோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பணிவாக நின்றான்.

"எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கட்டில் ஒரு முழம் குட்டையா இருக்கட்டும். நாற்காலி ஒடுக்கமா இருக்கட்டும். அப்பதான் அறை பெருசாத் தெரியும். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்யறதுதான்."

"குறைச்சுட்டாப் போச்சு சார்" என்றான் ஆணி.

கேள்விப்பட்டதும் எனக்கு வந்ததே கோபம்! பட்டறைக்குப் போய் வாசலிலேயே நின்று பிடித்தேன். "டேய், உனக்கு வெக்கமா இல்ல? குட்டிகளைப் புதைச்ச ஆளுக்குக் கட்டிலா?"

"நல்ல கட்டில் அண்ணி. தேக்கு."

"தேக்கா இருந்தா என்ன, பாக்கா இருந்தா என்ன? ஏண்டா செய்யற?"

அவன் இழைத்த பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "உங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் ஊருக்கு எப்ப வராங்க?"

என் பிறந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் கதவு நிலைகளைக் குனிந்தே கடப்பவர்கள். என் பெரிய அண்ணன் மீது மழை விழுந்து, சற்று நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் மீது விழும். அகலத்தில் அந்தப் பெருமையை நான் காப்பாற்றி வருகிறேன்.

திறப்பு நாளன்று மாதிரி வீட்டில் கூட்டம் நெருக்கியது. சுவரில் வண்ணப்படம்: சரிவு முழுக்க வீடுகள், ஓரத்தில் ஒரே ஒரு மான், விளம்பரத்துக்கு நிற்பதுபோல. படுக்கையறையைப் பார்த்தவர்கள் "எவ்வளவு பெருசு!" என்று வாயைப் பிளந்தார்கள். பெயர் எழுதும் மேசைமுன் வரிசை நீண்டது. கட்டிலுக்கும் நாற்காலிகளுக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டி, "தயவுசெய்து உட்கார வேண்டாம்" என்று மாட்டியிருந்தார்கள். மனைக்காரர் நகராட்சித் தலைவியை ஒவ்வோர் அறையாக அழைத்துவந்தார்.

அவர்கள் படுக்கையறைக்கு வந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையில் ஆணி குரலை உயர்த்தினான்.

"ஏம்மா, கயிறு எதுக்கு?"

"பார்வைக்கு மட்டும்தான் சார்" என்றாள் விற்பனைப் பெண்.

"பார்வைக்கா? அப்போ நான் செஞ்சது ஆள் உக்காந்தா தாங்காதுங்கறீங்களா? ஊர் முன்னாடி என் தொழிலைக் கெடுக்கறீங்களேம்மா!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவியும் பார்த்தார். மனைக்காரருக்குத் தயங்க நேரமில்லை. தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். "யார் சொன்னது? நம்ம ஆணி கைவேலை, யானையே படுக்கலாம்! உக்காருங்க, படுங்க. உங்க வீடுன்னு நினைச்சுக்கங்க!"

"யானை கிடைக்கல சார்" என்றான் ஆணி. "எங்க அண்ணி வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பெரிய அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகப் படுத்தார். கெண்டைக்காலுக்குக் கீழே எல்லாம் அந்தரத்தில் நின்றது. சின்ன அண்ணன் படிக்கும் மேசைமுன் உட்கார, முழங்கால் மேசையைத் தூக்கியது. கைப்பிடியுள்ள நாற்காலியில் நான் அமர்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. நான் திரும்பினேன், அதுவும் திரும்பி மனைக்காரரின் இடுப்பில் இடித்தது.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு கூரை பறந்தது.

"அவங்க நெட்டை, அதான்" என்று மனைக்காரர் கையை ஆட்டினார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு குட்டையான பெண் தானே போய்ப் படுத்துப் பார்த்தாள். "அப்பா, எனக்கே கால் வெளிய நிக்குதுப்பா!"

ஆணி காத்திருந்தது இதற்குத்தான். என் அண்ணன்களை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அங்கே தயாராகக் கொண்டுவந்து வைத்திருந்த தன் வீட்டுக் கட்டிலைத் தூக்கிவந்து குட்டைக் கட்டில் இருந்த இடத்தில் போட்டான். ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரணக் கட்டில். அறை நிரம்பிவிட்டது. கதவு பாதிதான் திறந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீ கதவு வழியா வா, நான் ஜன்னல் வழியா வந்துடறேன்."

"அலமாரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது மான் இருக்கற இடத்துல!" என்றது இன்னொரு குரல்.

வரிசையில் நின்றிருந்த ஒரு கணக்கு வாத்தியார் தலைவியின் பக்கம் திரும்பினார். "கட்டில்லயே கை வெச்சவங்க மலையில கை வெக்க மாட்டாங்களா அம்மா? இவங்களை நம்பியா சரிவைத் தரப் போறீங்க?"

மேசைமுன் வரிசை கலைந்தது. எழுதியவர்கள் பெயரை அடிக்கச் சொல்லித் தள்ளினார்கள். தலைவி வண்ணப்படத்தைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

ஆணி மனைக்காரர் அருகில் போனான். கத்தவில்லை. "சிரிங்க சார்" என்றான். "அன்னைக்கு நல்லாச் சிரிச்சீங்களே. இன்னைக்கு ஊரே சிரிக்குது, நீங்களும் சிரிங்க."

அடுத்த கூட்டத்தில் நகராட்சி சரிவைத் திறந்தவெளியாகவே ஒதுக்கிவிட்டது. ஒரு செங்கல்கூட மேலே ஏறக் கூடாது. மாதிரி வீடு பூட்டிக் கிடக்கிறது. அதில் ஓர் ஆந்தை குடியிருப்பதாகவும், கட்டில் அதற்கு அளவாக இருப்பதாகவும் கேள்வி.

அதோடு விட்டானா ஆணி? மனைக்காரர் டீக்கடைக்குப் போனால் முன்னதாகவே போய் உட்கார்ந்து, "சாருக்குக் காலை நீட்ட இடம் விடுங்கப்பா" என்பான். வங்கியில், மருந்துக்கடையில், ஒரு சாவு வீட்டில்கூட. ஓரகத்தி "போதுங்க" என்று கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் மனைக்காரர் வீட்டைக் காலிசெய்துகொண்டு வேறு ஊருக்கே போய்விட்டார். அவர் வண்டி போவதைப் பின்ஜன்னலிலிருந்தல்ல, முன்கதவிலிருந்து பார்த்தான்.

தாய் நரி அதற்குப் பிறகு வந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்ல ஆசைதான். நான் பார்க்கவில்லை. மேலே பாறைகளுக்கிடையே வேறு நரிகள் ஊளையிடுவது கேட்கிறது.

போன மாதம் மனைக்காரர் பட்டறைக்கு வந்தாராம், முடி முழுக்க வெளுத்து. பேத்திக்குத் தொட்டில் வேண்டுமென்று கேட்டாராம். ஆணி நல்ல மரமாகத் தேர்ந்து செய்து கொடுத்தான். காலம் எந்த ஆணியையும் தளர்த்திவிடும், அவன் மன்னித்துவிட்டான் என்று எழுதி நிறுத்தினேன்.

எதிரே என் ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு வாசித்தும் காட்டினேன். வாயிலிருந்த திருகாணியை எடுத்தான்.

"மன்னிச்சேன்னு யாரு சொன்னது? அடிங்க அதை. தொட்டில் குழந்தைக்கு, அது என்ன பண்ணுச்சு? அவருக்கு நான் உக்கார ஒரு முக்காலிகூடப் போடல அண்ணி. நின்னுக்கிட்டேதான் வாங்கிட்டுப் போனாரு. அதை எழுதுங்க."