மாட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்ள

புகையில் வாட்டிய மாட்டுக்கறிக்குப் புளிப்பும் உறைப்பும் வேண்டும் என்பது என் கட்சி. வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம், தக்காளித் தொக்கு, அவ்வளவுதான். பாட்டிலில் வரும் இனிப்புச் சாஸை நான் சீண்டுவதில்லை. ஊற்றிக்கொள்கிறவர்களிடம் சண்டைக்கே போயிருக்கிறேன்.

அந்த ஞாயிறு, பேகம்பூரில் வாங்கிய கறி மொட்டைமாடியில் கொய்யா விறகுப் புகையில் வெந்துகொண்டிருந்தபோது என் மனைவிக்கு போன் வந்தது. அவள் அப்பா. தொப்பம்பட்டிப் பக்கம் காய்கறி விவசாயி. கல்யாணமாகி ஏழு வருடம். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், மாட்டுக்கறி தின்கிற வீடு என்று எங்கள் வாசலை அவர் மிதித்ததில்லை. ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவர், மத்தியானம் வந்துவிட்டுப் போகிறேன் என்றாராம்.

கறியை இறக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிடவா என்று கேட்டேன்.

"மறைக்க வேண்டாமுங்க. இன்னைக்கு மறைச்சா ஆயுசுக்கும் மறைக்கோணும்."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவருக்கு ரசமும் சோறும் வைத்தாள். தொட்டுக்கொள்கிறவற்றில் கறி படக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தொக்கை மட்டும் என்னிடம் விட்டாள்.

பழக்கதோஷம். புகைத்தட்டில் சொட்டியிருந்த கொழுப்பை ஒரு கரண்டி தொக்கில் ஊற்றிவிட்டேன். அதில்தானே ருசி! கிண்டி இறக்கிய பிறகுதான் உறைத்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளிடம் சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார். நாம் கறியோடு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தேன். அவளுக்கு என்ன தெரியும், எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

அவர் கரண்டியை அதில் விட்டார். ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அது வேண்டாமுங்க மாமா. கறிக் கொழுப்பு விழுந்திருச்சு. என் தப்பு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சாகும்வரை மறக்கமாட்டேன். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். கரண்டியை வைத்தார். பிறகு வெங்காயக் கிண்ணத்தைக் காட்டி, இது எப்படி என்று கேட்டார். சுத்தம் என்றேன். நம்பினார். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். என்னோடு அதற்குமேல் பேசவில்லை, மாப்பிள்ளை என்று கூப்பிடவுமில்லை.

கை கழுவிவிட்டு மகளிடம் சொன்னார்: "கண்ணு, அந்த வெங்காயத்துல கொஞ்சம் டப்பால போட்டுக் குடு. உன்ற ஊட்டுல செஞ்சதுன்னு சொல்லி உங்கம்மாளுக்குக் குடுக்கறேன்."

டப்பாவுக்கு மூடி தேடுகிற சாக்கில் அவள் சமையலறையில் நின்று அழுதாள். வெங்காயம் முழுவதையும் வழித்துப் போட்டு அனுப்பினோம். அன்று எங்கள் கறிக்கு அந்தத் தொக்கு மட்டும்தான் மிச்சம்.