நடுவில் இரண்டு எழுத்து

காலை மணி ஏழு பன்னிரண்டு. கைப்பேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு வெண்கல நாய்.

உட்கார்ந்திருந்தது. காது விறைப்பாக, கழுத்தில் பட்டையோடு, கருங்கல் பீடத்தின் மேல். பீடத்தில் ஏதோ எழுதியிருந்தது. படம் ஆடியதால் படிக்க முடியவில்லை. சிலிபினில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசியை மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய இரண்டாவது அண்ணன். அவர் எனக்கு மச்சான். சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறார். இந்த அழைப்புக்காகவே ரொட்டி சானாய் பொட்டலங்களோடு இருட்டில் கிளம்பி வந்திருந்தார்.

“அண்ணனைக் காட்டச் சொன்னா நாயைக் காட்டுது பிள்ள” என்றார்.

நாயைக் காட்டியவள் அவர்களுடைய மூத்த அண்ணனின் மகள், எனக்கு மருமகள் முறை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அப்போது முந்தைய நாள் மாலை, வெயில் இன்னும் இருந்தது. அப்பாவின் சாம்பலை அடக்கம் செய்த முன்னாள் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் நடந்தபடி எங்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கல் நட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“இது பட்டாளத்துல வேலை செஞ்ச நாய்ங்களுக்கு, சித்தப்பா. மெமோரியல்.”

“நாய்க்குச் சிலை இருக்கா? சரி, சமையக்காரவங்களுக்கு எங்க இருக்கு?”

அந்தப் பாதையின் இருபுறமும் நினைவுச் சின்னங்கள். கப்பற்படையினருக்கு ஒரு நங்கூரம், வான்குடை வீரர்களுக்கு ஒரு கருங்கல் தூண், தாதியருக்கு ஒரு பெஞ்சு. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு சங்கம் பணம் திரட்டி வைத்திருக்கிறது. சமையற்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. மச்சானுக்கு இது பட்டது. மூத்தவர் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், அங்கே இறங்கி, கல்யாணம் செய்து, பட்டாளத்தில் சேர்ந்து, இருபது வருடம் அதன் சமையற்கட்டில் இருந்தவர். லாரி ஷெட்டில் மட்டும் அவர் கமாண்டோ. அந்தப் பதவியை அவருக்குக் கொடுத்தவர் மச்சான்.

பிறகு திரை ஒரு புல்வெளிக்கு வந்தது. வெள்ளைப் பளிங்குக் கற்கள், கயிறு பிடித்து நட்டதுபோல் வரிசை வரிசையாக. எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், மேலே ஒரே வளைவு.

“இதுல அண்ணன் எது?” என்றாள் மனைவி.

“எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு” என்றார் மச்சான். “என்னா லா இது? இருபது வருசம் செஞ்சவருக்கும் நேத்து செத்தவனுக்கும் ஒரே சைஸா?”

“பக்கத்துல இருக்கறது கர்னல், சித்தப்பா. அவருக்கும் இதே சைஸ்தான்.”

“கர்னலுக்கு எவ்வளவு அவமானம்!”

மச்சானின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஆளின் அந்தஸ்தைப் புதைகுழியில் பார்த்தே சொல்லிவிடலாம். துரைக்குப் பளிங்கும் இரும்புக் கிராதியும். கணக்கெழுதும் கிராணிக்குச் சிமெண்டு மேடை, மேலே கூரை. கங்காணிக்கு மேடை உண்டு, கூரை இல்லை. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர்களுக்கு மண்மேடும் ஒரு பலகையும். செத்த பிறகும் ஆளுக்கு ஒரு கிரேடு என்பதுதான் அவருக்குத் தெரிந்த முறை.

மருமகள் குனிந்து கல்லைக் கிட்டத்தில் காட்டினாள். மேலே ஓம். அதற்குக் கீழே பெயர். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். முதலில் அண்ணன் பெயர். கடைசியில் அப்பா பெயர். நடுவில் இரண்டு எழுத்து.

“ஏ... எல்... அது என்னா ஏ எல்?”

“அது அப்பாவோட மிடில் நேம், அத்தை.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் நாளிதழில் முப்பது வருடம் பிழைதிருத்தியவன். எனக்கு மூன்று விநாடி போதுமாக இருந்தது. எங்கள் நாட்டு அடையாளக் கார்டில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ, ஒரு சாய்கோடு, எல் என்று இருக்கும். மலாய் மொழியில் ஆனாக் லெலாக்கி, அதாவது மகன் என்பதன் சுருக்கம். மூத்தவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது கார்டில் உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரோ ஒரு எழுத்தர் சாய்கோட்டை மட்டும் விட்டுவிட்டார்.

நான் விளக்கினேன்.

“ஆனா மாமா, அப்பாவை எல்லாரும் அந்த ரெண்டையும் சேர்த்து ‘ஆல்’னுதான் கூப்பிடுவாங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம். கேக்ல கூட ‘ஹேப்பி பர்த்டே ஆல்’னுதான் எழுதுவோம்.”

மச்சானுக்கு ரொட்டி புரையேறியது. “மகனே, பொறந்தநாள் வாழ்த்துன்னு கேக் வெட்டியிருக்காங்க லா!” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு அவருக்கு வேறொன்று தோன்றியது. “பட்டாளத்துல எப்படிக் கூப்பிடுவாங்க? ஆர்டர் போடும்போது?”

“லாஸ்ட் நேம், சித்தப்பா.”

“அப்பா பேரா?”

“ஆமா.”

“அட! தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுல நிக்கும்போது கிராணி கூப்பிட்டதும் அதே பேருதான். அந்த மனுசன் ஒரு நாள் பெரட்டுக்கு லேட்டா போனதில்ல. செத்த பிறகும் விடல பாரு, அமெரிக்காவுல போயி நின்னிருக்காரு.”

மருமகளுக்குப் பெரட்டு தெரியவில்லை. வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என்றேன். “ஓ, பரேட்” என்றாள். அந்தச் சொல்லே அதிலிருந்துதான் வந்தது.

மனைவி சிரிக்கவில்லை. “கல்லை மாத்தச் சொல்லு” என்றாள்.

“எதுக்கு லா? படிக்கறவன் எல்லாம் வெள்ளக்காரன்” என்றார் மச்சான்.

“எனக்கு விசாவும் கிடைக்காது, முட்டியும் விடாது. நான் அங்க போயி நிக்கப்போறதில்ல. எழவுக்கும் போகல. பேராவது சரியா இருக்கணும்ல? யாரும் அவரைப் பேரு சொல்லிக் கூப்பிடல, அங்க போன நாள்லேருந்து.”

“நீ என்னைக்குக் கூப்பிட்ட? நீயும் அண்ணேன்னுதான் கூப்பிட்ட.”

அவள் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தட்டில் பாதி ரொட்டி இருந்தது.

கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஆதாரங்கள் அந்த பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன: மூத்தவரின் பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளிக் கார்டு, மாமனாரின் சிவப்பு அடையாளக் கார்டு. நீலக் கார்டு குடிமக்களுக்கு, சிவப்பு மற்றவர்களுக்கு. மாமனார் சின்ன வயதில் கப்பலில் வந்தவர். கார்டை எடுத்தபோது அதோடு மடித்து வைத்த சில தாள்களும் வந்தன. அவற்றை அப்போது நான் பிரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுதினேன். நடுவில் உள்ள இரண்டு எழுத்தும் பெயர் அல்ல, ‘இன்னாரின் மகன்’ என்று பொருள். கடைசியில் உள்ளது அவர் பெயர் அல்ல, அவருடைய தகப்பனாரின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலில் இருப்பது மட்டுமே அவர் பெயர்.

மனைவிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். “அப்போ கல்லுல இருக்கற மத்ததெல்லாம் சொந்தக்காரங்களா?” என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

மருமகள் அதைக் கல்லறை அலுவலகத்தில் கொடுத்தாள். பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். காலஞ்சென்றவருக்கு அனுதாபம் தெரிவித்து, அவருடைய சேவைக்கு நன்றி சொல்லித் தொடங்கியது. ‘திரு.’ என்று போட்டு எழுதியிருந்த பெயர் என் மாமனாருடையது.

“அப்பா செத்தப்போ தோட்டத்து ஆபீஸ்ல பெட்டிக்குப் பலகை கொடுத்தாங்க. வேற ஒண்ணும் இல்ல” என்றார் மச்சான் தொலைபேசியில். “அமெரிக்காவுலேருந்து இப்போதான் அனுதாபம் வருது. லேட்தான், பரவால்ல.”

கடிதத்தின் மீதி நல்ல செய்தி. கல்லைச் செலவில்லாமல் மாற்றித் தருவார்கள். இணைத்த படிவத்தை நிரப்பினால் போதும். புதுக் கல் வந்ததும் பழைய கல்லை விதிப்படி உடைத்துவிடுவார்கள்.

படிவத்தில் மூன்று கட்டங்கள். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட முடியாது. மச்சான் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ரொட்டி கொண்டு வரவில்லை.

“அண்ணன் பேரைக் கடைசிக் கட்டத்துல போடுங்க” என்றாள் மனைவி. “முதல் கட்டத்துல அப்பாவோட இனிஷியல். நடுவுல ஒண்ணும் வேணாம். நம்ம ஆளுங்க பத்திரிகையில போடற மாதிரி.”

“அப்பாவை ஒரு எழுத்தா ஆக்கப் போறியா?”

“நான் எங்க ஆக்குறேன்? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க.”

“முழுசா வெட்டின பேரு, தங்கச்சி. பளிங்குல. அதை உடைச்சிப்புட்டு ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமா? நீ சொல்லு மாப்ளே, நியாயமா இது?”

இரு தரப்பு வாதத்தையும் முழுதாகக் கேட்ட பிறகே வாய் திறப்பது என் பழைய தொழில் பழக்கம். இம்முறை கேட்ட பிறகு படிவத்தை மடித்து வைத்தேன்.

“அப்பாவுக்கு இங்க இல்லாத எடமா?” என்றாள் அவள். “தோட்டத்துலதான் இருக்காரே.”

“எங்க? காட்டு பாப்போம்.”

அப்படித்தான் மறுநாள் சனிக்கிழமை மூவரும் மச்சானின் காரில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்த பழைய தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் எப்போதோ போய்விட்டது. ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, ஒரு பக்கம் புது மாடி வீடுகள். மாமனாரின் இடத்துக்கு அடையாளம்: கால்வாயிலிருந்து மூன்றாவது வரிசை, பலாமரத்துக்குப் பக்கம். கால்வாய் இருந்தது. அதற்கு அப்பால் செம்பனை மரங்கள் சீரான இடைவெளியில் நின்றன. அவையும் ஒரே உயரம். பலாமரம் இல்லை. மனைவி கால்வாயிலிருந்து மூன்று வரிசை எண்ணி ஒரு செம்பனை அடியில் நின்றாள். பிறகு நாலாவதுக்கு நகர்ந்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

துரையின் கல்லறை மட்டும் இருந்தது. கிராதியில் இரண்டு பக்கத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது பக்கத்தில் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள். கல்லில் ஒரு மாடு கட்டியிருந்தது. பாசியைச் சுரண்டினேன். துரையின் பெயரில் நான்கு எழுத்து தேறியது. அதில் ஒன்றை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

மச்சான் காரிலிருந்து அளவு நாடாவைக் கொண்டுவந்து, மாட்டை ஒதுக்கிவிட்டு, துரையின் கல்லை அளந்தார்.

“அப்பா கல்லு எவ்வளவு உசரம்?”

“உங்க அண்ணன் கல்லு” என்றேன்.

“அதான் கேக்கறேன். அப்பா கல்லு.”

மருமகளுக்குச் செய்தி அனுப்பினோம். அங்கே நட்ட கல்லை அளந்து வைத்திருக்கிறாளா என்று கேட்டோம். கல்லறை அலுவலகக் கையேட்டிலிருந்து அளவை எடுத்து அனுப்பினாள். துரையுடையது ஒன்றரை அடி அதிகம்.

“உசரத்துல தொரதான் ஜெயிச்சாரு” என்றார் மச்சான். “ஆனா பிள்ள சொல்லுது, அங்க கல்லை எல்லாம் தண்ணி பாய்ச்சிக் கழுவுறாங்களாம். இங்க மாடு நக்குது.”

மனைவி அதற்குச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான். மாடும் திரும்பிப் பார்த்தது.

திரும்பும் வழியில் ஜெலாப்பாங் டோலைத் தாண்டிய பிறகு, பின்சீட்டிலிருந்து சொன்னாள்: “பிள்ளைக்கு போன் போடுங்க.”

போட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்க வேண்டும். மருமகளின் குரல் தூக்கத்தில் இருந்தது.

“அந்தக் கல்லை உடைக்க வேணாம்மா. அது இருக்கட்டும்.”

“ஷூர், அத்தை? பேர் தப்புன்னு சொன்னீங்களே?”

“ரெண்டு பேரு இருக்கு. ரெண்டும் சரியாத்தான் எழுதியிருக்கு.”

“ஏ எல்?”

“அதுவும் இருக்கட்டும். அதை எடுத்துட்டா ரெண்டு பேரும் எதுக்கு ஒண்ணா நிக்கறாங்கன்னு தெரியாதுல்ல.”

மச்சான் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். “லாரி ஷெட்டுல என்னா சொல்லுவேன்? அப்பாவும் கமாண்டோன்னு சொல்லிடறேன்.”

“பெரியண்ணனைச் சமையக்காரருன்னு சொல்லுங்கண்ணே” என்றாள். “நல்லா சமைச்சாருன்னு சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினேன். அவள் மேசையில் கிடந்த காகிதங்களை டின்னில் அடுக்கினாள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கார்டு, கடைசியாக மாமனாரின் சிவப்புக் கார்டு. அதோடு மடித்திருந்த தாள்களை அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். குடியுரிமைக்கான நீலக் கார்டுக்கு அவர் மூன்று முறை மனுப் போட்டிருந்தார்.